உப்பைத் தூவாதீர்கள்! கடைமடைக் கொல்லையில் நத்தையை வெல்லும் வழி

ஐப்பசி அடைமழை சற்று ஓய்ந்த இரவில், கீழ்வேளூர் பக்கத்துக் கொல்லைகளில் டார்ச் அடித்துப் பார்த்தால், நத்தைக்கு முன்னால் அதன் தடம்தான் கண்ணில் படும். கிணற்றடியிலிருந்து கீரைப் பாத்திக்கும், துணி துவைக்கிற கல்லிலிருந்து கத்தரி நாற்றுக்கும் ஜரிகை இழுத்தாற்போல் ஒரு பளபளப்பு. தடத்தின் முடிவில் நேற்று இரண்டு இலை விட்டிருந்த வெண்டைக் கன்று இல்லை. விரற்கடை உயரத்துக்குத் தண்டு மட்டும் நிற்கும். விடிந்ததும் வெயில் பட்டுத் தடமும் காய்ந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் பக்கத்து வீட்டுக் கோழியைச் சந்தேகிப்பார்கள், அல்லது முளைக்காத விதையைத் தந்தார் என்று விதைக் கடைக்காரரைத் திட்டுவார்கள். விதை முளைக்கத்தான் செய்தது. முளைத்த இரவிலேயே தின்று தீர்க்கப்பட்டது.

வீட்டுத் தோட்டத்தில் நத்தை செய்யும் சேதத்தில் பெரும்பகுதி இப்படி ஆள் தெரியாமலே நடக்கிறது. புழு தின்ற இலையின் மேல் கருமணி போன்ற எச்சம் கிடக்கும். வெட்டுக்கிளி இலையை ஓரத்திலிருந்து கடித்து வரும். நத்தை தின்றால் இலையின் நடுவிலும் ஒழுங்கற்ற ஓட்டைகள் விழும். பிசுபிசுப்பான கோடு இருக்கும். எச்சம் கயிறு போல் சுருண்டிருக்கும். அதன் நாக்கு அரம் போன்றது. ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசையாக அமைந்த அந்த நாக்கால் இலையைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வளர்ந்த வெண்டைச் செடிக்கு நான்கு இலை போனால் நட்டமில்லை. கத்தரி, மிளகாய், வெண்டை, புடலை, பாகல், முருங்கை, பப்பாளி ஆகியவை முளைத்த முதல் மூன்று வாரங்களில்தான் ஒரே இரவில் சாகும். கீரைக்கு மட்டும் எல்லா நாளும் ஆபத்து, ஏனெனில் இலையே அங்கே விளைச்சல். ஆகவே தோட்டம் முழுவதையும் ஆண்டு முழுவதும் காக்க வேண்டியதில்லை. நாற்றங்காலையும் கீரைப் பாத்தியையும் மழை மாதங்களில் காத்தால் முக்கால் வேலை முடிந்தது.

மூன்று நத்தை, மூன்று குணம்

நத்தை என்று சொன்னால் டெல்டாக்காரர் மனதில் முதலில் வருவது வயல் நத்தை. வரப்போரத்திலும் வாய்க்காலிலும் குளத்திலும் வாழும் இந்த உருண்டை நத்தையைச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் இங்கே பழையது. மூலத்துக்கு நல்லது என்று தேடி வாங்குவோரும் உண்டு. செவுள், நுரையீரல் இரண்டும் உள்ள பிராணி அது. கோடையில் சேற்றுக்குள் புதைந்து உறங்கி, தண்ணீர் வந்ததும் எழும். உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்துக்கு வரும் நத்தைக்குத்தி நாரை இதை நம்பித்தான் வயலில் இறங்குகிறது. வீட்டுத் தோட்டத்து நாற்றைத் தின்றது இதுதான் என்று பழி போடுவது பெரும்பாலும் அநியாயம்.

இரண்டாவது, ஓடில்லா நத்தை. கறுத்து, தட்டையாக, தோல் துண்டு கிடப்பதுபோல் பூந்தொட்டிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அட்டை என்று தவறாக நினைத்து அஞ்சுவோர் பலர். இது இரத்தம் குடிக்காது; இலைதான் தின்னும். ஓட்டைச் சுமக்க வேண்டாததால் செங்கல் இடுக்கு, குழாய் மூடி, பையின் மடிப்பு என எந்தச் சந்திலும் நுழையும்.

மூன்றாவது, ஆப்பிரிக்க ராட்சத நத்தை. இந்தியாவில் வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிடப் பெரிய நத்தைப் பகை இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த இனம் 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது. கொண்டுவந்தவர் கிழக்கிந்திய கம்பெனி அதிகாரியும் நத்தை ஆர்வலருமான வில்லியம் பென்சன். சேகரிப்புக்காக வந்த நத்தைகள் அந்நகரின் சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. வங்கத்திலிருந்து அவை பரவின. 1900-ஐ ஒட்டி இலங்கையிலும் காலூன்றின. 1970-களில் கேரளத்தின் பாலக்காட்டில் தென்பட்டு, 2000-க்குப் பிறகு அம்மாநிலத்தின் பல மாவட்டங்களில் படையெடுப்பாகவே மாறின. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் இன்று இவை உண்டு. மரத்தடி, செங்கல், வண்டல் மண், நாற்றுப்பை எதுவானாலும் அதில் ஏறிப் பயணம் செய்யும். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தின்னும்.

பெட்டிச் செய்தி: எது எந்த நத்தை?

வயல் நத்தை: உருண்டை ஓடு. வாயில் கெட்டியான மூடி உண்டு. தொட்டால் உள்ளே போய் மூடிக்கொள்ளும். நீரை விட்டு அதிக தூரம் போகாது.

ஆப்பிரிக்க ராட்சத நத்தை: கூம்பு வடிவில் நீண்ட ஓடு, பழுப்பு வரிகள். மூடி கிடையாது. பொதுவாக 5 முதல் 10 செ.மீ.; 20 செ.மீ. வரை வளரக்கூடியது. மரம், சுவர் எதிலும் ஏறும்.

ஓடில்லா நத்தை: ஓடே இல்லை. கறுப்பு அல்லது பழுப்பு. பகலில் தொட்டி, பலகை, கல்லுக்கு அடியில் இருக்கும்.

ஈரம் இருக்கும் இடமே வீடு

கீழ்வேளூர் ஓடம்போக்கியாற்றுப் பாசனத்தின் கீழ்க்கோடியில், திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. ஆனால் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், கடைசியாக வடியும் இடமும் இதுதான். களிமண் தண்ணீரை விடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொல்லை காய்வதே இல்லை. தென்னை மட்டை, வாழைச் சருகு, வைக்கோல் போரின் அடி, பழைய கீற்று, உடைந்த ஓட்டுக் குவியல் ஆகியவற்றின் கீழே பகல் முழுவதும் குளிர்ச்சியும் இருட்டும் கிடைக்கும். நத்தைக்கு இதைவிட வசதியான ஊர் அமையாது.

கோடையில் ராட்சத நத்தை சாவதில்லை. சித்திரை வெயிலில் ஓட்டின் வாயைச் சளிப்படலத்தால் அடைத்துக்கொண்டு சுவரோரத்திலும் வேரடியிலும் மாதக்கணக்கில் உறங்கும். நத்தைத் தொல்லை போன வருஷத்தோடு ஒழிந்தது என்று நம்புவது அதனால்தான் வீண். முதல் நல்ல மழையில் எழும், தின்னும், கூடும், இரண்டு மூன்று வாரத்துக்குள் முட்டையிடும். ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் இருப்பதால் இணைந்த இரண்டுமே முட்டையிட முடியும். ஒரு முறை பெற்ற விந்தை உள்ளே சேமித்து வைத்துப் பல மாதங்கள் பயன்படுத்தவும் முடியும். ஒரு ஈட்டில் நூறிலிருந்து நானூறு வரை முட்டைகள். ஓராண்டில் ஒரு நத்தை ஆயிரத்துக்கு மேல் இடக்கூடும். மண்ணுக்குள் சிறு குழியில், வெளிர் மஞ்சள் மணிகளாக அவை இருக்கும். ஆறு மாதம் கழிந்தால் குஞ்சுகளும் முட்டையிடத் தயார்.

இந்தக் கணக்கில்தான் எல்லா உத்தியும் அடங்கியிருக்கிறது. மழை தொடங்கிய முதல் மூன்று வாரத்தில் ஒரு பெரிய நத்தையைப் பிடித்தால் சில நூறு நத்தையைப் பிடித்ததற்குச் சமம். கார்த்திகையில் பிடித்தால் ஒன்றைப் பிடித்ததற்கு ஒன்றுதான்.

உப்பு ஏன் கூடாது?

நத்தையைக் கண்டதும் அடுப்படிக்கு ஓடி ஒரு பிடி கல்லுப்பை அள்ளி வந்து தூவுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். உப்பு அதன் உடம்பு நீரை உறிஞ்சிக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இதைவிடக் கெட்ட வைத்தியம் கிடையாது.

கடலோர மண்ணும் நிலத்தடி நீரும் ஏற்கெனவே உவர்ப்பேறியவை. 2004 டிசம்பரில் சுனாமி புகுந்த வயல்களை மீண்டும் விளைய வைக்க ஜிப்சம் போட்டும், நல்ல நீர் நிறுத்தி வடித்தும் விவசாயிகள் பருவக்கணக்கில் பாடுபட்டது மாவட்டம் முழுக்கத் தெரிந்த கதை. அதே உப்பைக் கையால் அள்ளிப் பாத்திக்குள் போடுவதில் நியாயம் இல்லை. அவரை, மிளகாய் போன்றவை உப்பைத் தாங்காதவை. களிமண்ணில் சோடியம் ஏறினால் மண்ணின் பொலபொலப்பு போய்விடும். மழையில் குழைந்து, வெயிலில் பாறையாகும். தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்கும். தேங்கிய ஈரம் மறுபடி நத்தையைத்தான் அழைக்கும்.

உப்புக்கு உரிய இடம் பாத்தி அல்ல, வாளி. லிட்டருக்கு 200 கிராம் வீதம் கரைத்த உப்புநீரில் பொறுக்கிய நத்தைகளைப் போடலாம். ஒரே கரைசல் பல நாளுக்கு உதவும். பயன் தீர்ந்ததும் அதைத் தோட்டத்திலோ குளத்திலோ ஊற்றக் கூடாது.

கையால் பொறுக்குவதே முதல் மருந்து

பழைய வேலைதான், சலிப்பான வேலையும்கூட. ஆனாலும் இதற்கு ஈடான மருந்தை எந்தக் கடையும் விற்கவில்லை. பொழுது சாய்ந்ததும் பாத்தி ஓரங்களில் நனைத்த கோணிச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலை, பழத்தோல் ஆகியவற்றை வைக்க வேண்டும். வாசனைக்கு வரும் நத்தைகள் விடிந்ததும் வெயிலுக்கு அஞ்சி அங்கேயே தங்கிவிடும். காலையில் சாக்கைப் புரட்டினால் ஒரே இடத்தில் அள்ளலாம். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு ஒரு சுற்று வந்தால் சாக்குக்கு வராதவையும் அகப்படும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், மாவும் நீரும் ஈஸ்டும் சேர்ந்து புளித்த கலவை நத்தைகளை வெகுவாக ஈர்ப்பது தெரியவந்தது. புளித்துப்போய்க் கொட்ட இருக்கும் மாவைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிச் சாக்குக்கு அடியில் வைத்துப் பார்ப்பதில் செலவு ஒன்றும் இல்லை.

வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறையோ பிளாஸ்டிக் பையோ வேண்டும். காலால் நசுக்கிவிட்டு அப்படியே விட்டுப்போவதும் தவறு. வயிற்றில் முட்டை இருந்தால் மண்ணில் கலக்கும்; நாற்றத்துக்கு எலியும் வரும். உப்புநீரில் செத்தவற்றை நீரை வடித்து, முழங்கால் ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவி மூடுவதே சரி. நத்தை பிடித்த இடத்தில் இரண்டு அங்குலம் மண்ணைக் கிளறிப் பார்த்து முட்டைக் கொத்தையும் எடுத்துவிட வேண்டும்.

மழை தொடங்கிய மூன்று வாரம் தினமும், பிறகு தை வரை வாரம் ஒரு முறை செய்தால் போதும்.

சாம்பலும் முட்டை ஓடும்

பாத்தியைச் சுற்றி முட்டை ஓடு தூவுவது இப்போது எல்லா மாடித்தோட்டக்காரரும் சொல்லும் யோசனை. கூரிய விளிம்பில் நத்தை ஏறாது என்பது நம்பிக்கை. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் கீரைச் செடிகளைச் சுற்றி வைத்துச் சோதித்தது. தடுப்பு வைத்த செடிக்கும் வைக்காத செடிக்கும் சேதத்தில் வேறுபாடு இல்லை. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து தேடி வெள்ளையடித்த சுவரையே சுரண்டும் ராட்சத நத்தைக்கு முட்டை ஓடு தடையாகும் என்று எதிர்பார்ப்பது வேடிக்கைதான். அடுப்புச் சாம்பல் காய்ந்திருக்கும்வரை வேலை செய்யும். ஐப்பசியில் அது எத்தனை நிமிடம் காய்ந்திருக்கும்?

பலன் தருவது இடைவெளி. பழைய சமையலறைகளில் எறும்பு ஏறாமல் அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். நாற்றுத் தட்டை அதே முறையில் பெஞ்சின் மேல் வைத்தால் நத்தை எட்டாது. தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாகும். நாற்று ஐந்தாறு இலை விட்டுத் தண்டு முற்றிய பிறகே பாத்தியில் நட வேண்டும். நேரடியாக விதைத்தே ஆக வேண்டிய வெண்டை, கொடிக் காய்களைக்கூட மழைக்காலத்தில் பையில் முளைக்கவைத்து நடுவது நல்லது.

தண்ணீரைக் காலையில் ஊற்றினால் இரவுக்குள் மேல்மண் காய்ந்துவிடும். மாலையில் ஊற்றுவது நத்தைக்குப் பந்தி விரிப்பதுதான். பாத்தியை அரையடி உயர்த்தி மேட்டுப் பாத்தியாக்கினால் வேரழுகலும் குறையும். பாத்தியைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லும் சருகும் இல்லாத வெறுந்தரை இருந்தால், அதைக் கடக்கும் நத்தை பறவைக்கும் டார்ச்சுக்கும் தப்பாது.

இங்கே இயற்கை முறைத் தோட்டக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. மூடாக்கு போடு என்பது அவர்களின் முதல் பாடம். வைக்கோலும் சருகும் மூடிய மண் ஈரம் காக்கும், மண்புழுக்களை வளர்க்கும். அதே மூடாக்கு மழைக்காலத்தில் நத்தையின் பகல் வீடு. கடைமடையில் இதற்கு விடை பருவம் பார்த்து நடப்பது: புரட்டாசியில் மூடாக்கை வாரி எருக்குழியில் போட்டுவிட்டு, தை அறுவடை முடிந்து வெயில் ஏறியதும் புது வைக்கோலில் மறுபடி போடலாம். ஆண்டு முழுவதும் மூடாக்கு என்ற விதி மேட்டு நிலத்துக்குப் பொருந்தும். களிமண் கொல்லைக்குப் பொருந்தாது.

விஷ உருண்டையின் விலை

மெட்டால்டிஹைடு கலந்த உருண்டைகள் உரக்கடைகளில் கிடைக்கின்றன. நத்தை தின்றால் சளி முழுவதையும் இழந்து சாகும். நாய் தின்றாலும் வலிப்பு வந்து சாகும். தவிட்டு வாசனை உள்ள அந்த உருண்டை கோழிக்கும் தவழும் குழந்தைக்கும் தீனியாகவே தெரியும். பிரிட்டனில் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு 2022 வசந்தகாலத்தில் இதைத் தடை செய்துவிட்டார்கள். கொல்லையில் கோழியும் கன்றும் மேயும் வீட்டில் இதை வாங்காமல் இருப்பதே புத்தி. இரும்பு பாஸ்பேட் உருண்டை கிடைத்தால் அது மேல். தின்ற நத்தை பசியடங்கி, ஒளிந்து சாகும். விலங்குகளுக்கு ஆபத்து மிகக் குறைவு.

கேரளத்தில் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்ட வீட்டுக் கலவை ஒன்று உண்டு. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் நீரில் ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சி வடிக்க வேண்டும். 60 கிராம் மயில்துத்தத்தை ஒரு லிட்டர் நீரில் தனியாகக் கரைத்து இரண்டையும் சேர்த்து நத்தையின் மேலேயே தெளிக்க வேண்டும். கலவை கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் புகையிலையின் நிகோடின் மனிதருக்கும் விஷம். மயில்துத்தத்தின் செம்பு மீனுக்கு எமன், மண்ணிலும் நெடுநாள் தங்கும். சுவரிலும் வேலியடியிலும் மொய்த்துக் கிடக்கும் கூட்டத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம். கீரையிலும், குளத்துக்கோ வாய்க்காலுக்கோ நீர் வடியும் இடத்திலும் கூடாது.

செலவில்லாத கூட்டாளிகளும் உண்டு. செம்போத்து ராட்சத நத்தையையே கொத்தித் தின்னும். மின்மினிப் பூச்சியின் புழு சிறு நத்தைகளைத் தின்று வளரும். வாத்து சிறு நத்தைகளை விரும்பி விழுங்கும். கீரையையும் விழுங்கும் என்பதால் நடவுக்கு முன் சில நாட்கள் மட்டும் கொல்லையில் விடலாம். ஒரு எச்சரிக்கையும் இதோடு சேரும். 1955-ல் ஹவாயில் ராட்சத நத்தையை ஒழிக்க வேறொரு கொலைகார நத்தையை இறக்குமதி செய்தார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு உள்ளூர்ச் சிறு நத்தைகளை இனம் இனமாக அழித்தது.

கழுவாத கீரையின் ஆபத்து

நாற்று போனால் மறுபடி விதைக்கலாம். உடம்புக்கு வருவதுதான் பெரிது. எலியின் நுரையீரல் இரத்தக் குழாயில் வாழும் ஒரு புழு உண்டு. அதன் இளம் புழுக்கள் எலிப் புழுக்கையில் வெளியேறும். அதைத் தின்னும் நத்தையின் உடலில் வளரும். வேகாத நத்தையோ, சிறு நத்தை ஒட்டிய பச்சை இலையோ வயிற்றுக்குள் போனால் அந்தப் புழு மனித மூளையை நோக்கிப் பயணம் செய்து மூளை உறையில் அழற்சி உண்டாக்கும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் குத்தல் ஆகியவை அறிகுறிகள். கேரளத்தில் ராட்சத நத்தை பரவிய பகுதிகளில் இத்தகைய நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: அடுப்படியில் கவனிக்க

கீரையை இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவ வேண்டும். முட்டைக்கோஸின் வெளி அடுக்குகளை நீக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கொத்துமல்லி, புதினா, வெள்ளரி எதையும் பறித்த கையோடு பச்சையாகத் தின்னக் கூடாது.

வயல் நத்தை சமைப்போர் நன்றாகக் கொதிக்கவைத்தே சமைக்க வேண்டும். கூம்பு ஓட்டு ராட்சத நத்தையைக் கறிக்குச் சேர்க்க வேண்டாம்.

நத்தையைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் கண், வாய் தொடக் கூடாது. குழந்தைகளை நத்தையோடு விளையாட விடக் கூடாது.

ஒரு வீட்டால் ஆகாது

1966-ல் அமெரிக்காவின் மயாமி நகரத்துச் சிறுவன் ஒருவன் ஹவாயிலிருந்து மூன்று ராட்சத நத்தைகளைக் கொண்டுவந்தான். அவை தோட்டத்தில் விடப்பட்டன. ஏழு ஆண்டுகளில் 18,000 நத்தைகள் கண்டெடுக்கப்பட்டன. முற்றாக ஒழிக்க 1975 வரையிலும் பத்து லட்சம் டாலருக்கு மேலும் ஆயிற்று. 2011-ல் அதே பகுதியில் மீண்டும் தென்பட்டு, பத்தாண்டு தேடலுக்குப் பிறகு 2021-ல்தான் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்த வெற்றிக்குக் காரணம் வீடு வீடாக, வேலி தாண்டித் தேடியதுதான்.

தனி வீட்டுக்காரர் தன் கொல்லையைச் சுத்தம் செய்தாலும், வேலிக்கு அந்தப் பக்கம் கீற்றுக் குவியல் இருக்கும்வரை மறுவாரமே புது வரவு இருக்கும். தெருவோர வடிகாலில் புல் மண்டிக் கிடப்பது பேரூராட்சியின் பொறுப்பு. மழைக்கு முன் அதை வாரச் சொல்லிக் கேட்பது தெருக்காரர் உரிமை. நர்சரியிலிருந்து வாங்கும் செடியை உடனே நடாமல், பையின் அடியையும் மண்ணையும் பார்த்து, பத்து நாள் தனியாக வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்து சேரும் நத்தைகளில் பல அந்தப் பையிலேயே வருகின்றன.

கூம்பு ஓட்டு நத்தை முதன்முறையாகக் கண்ணில் பட்டால் படம் எடுத்து, சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கீழ்வேளூர் வேளாண்மைக் கல்லூரியிலோ காட்டலாம். புரட்டாசி முதல் மழைக்கு முன் தெருவில் நான்கு வீட்டார் பேசி வைத்துக்கொண்டு, மழை தொடங்கியதும் ஒரே இரவில் டார்ச்சும் கையுறையும் உப்புநீர் வாளியுமாக இறங்குங்கள். மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள்; விதையை அதற்குப் பிறகு போடுங்கள்.